ஊர்சுற்றும் பாடகனின் பிள்ளைகள்

ஊர் ஊராகச் சஞ்சரித்து, முன்பின் அறியாத மனிதர்களின் நடுவே நின்று, நாளை நன்றாக விடியும் என்று பாடிவிட்டு, மறுநாள் காலையில் வேறோர் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிற பாடகனிடம், அந்த விடியலைத் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட உனக்கு அவகாசம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சபையில் அமர்ந்திருப்பவர்களுக்கு அவன் தரும் நம்பிக்கை எளிதில் வாய்த்த பிரசாதமாகவே தோன்றும். அதன் விலையை அவன் வீட்டில் ஒருவர் நாள்தோறும் செலுத்திக்கொண்டிருக்கிறார் என்பது சபைக்குத் தெரியாது. அமெரிக்க நாட்டின் கிராமியப் பாடகர் பீட் சீகரின் நெடிய வாழ்க்கையைப் பற்றி (1919-2014) வாசிக்குந்தோறும், அவர் பான்ஜோ வாசித்த விதத்தைக் காட்டிலும் அவர் தகப்பனாக இருந்த விதமே என்னை மிகுதியும் சிந்திக்க வைக்கிறது. நம்பிக்கை மேடையில் பிறப்பதன்று. குழந்தைகளை வளர்க்கும் அன்றாட உழைப்பிலே பிறந்து, பிறகே அது மேடைக்கு வருகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குச் சீகரின் குடும்பத்தைவிடத் தெளிவான திருஷ்டாந்தத்தை நான் கண்டதில்லை.

இந்தக் கதை அவருக்கு முந்திய தலைமுறையிலேயே தொடங்கிவிடுகிறது. தந்தை சார்ல்ஸ் சீகர், கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் சங்கீதப் பேராசிரியராக இருந்து, முதல் உலக யுத்தத்தை வெளிப்படையாக எதிர்த்ததனால் அங்கே நிலைத்திருக்க முடியாமற்போனவர்; தாய் கான்ஸ்டன்ஸ் வயலின் வாசிப்பதில் முறையாகத் தேர்ச்சி பெற்றவர். உயர்ந்த சங்கீதம் நகரத்துச் செல்வர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கலாகாது, நாட்டுப்புறத்து ஏழை ஜனங்களின் செவிக்கும் அது எட்டவேண்டும் என்ற லட்சியத்தினால் உந்தப்பட்டு, மோட்டாரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லத்தக்க ஒரு வீட்டுவண்டியைச் சார்ல்ஸ் தம் கையாலேயே செய்து, மனைவியையும் மூன்று ஆண்குழந்தைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு, 1920-ஆம் வருஷத்தையொட்டித் தென்மாகாணங்களை நோக்கிப் புறப்பட்டார். மூவரில் கடைக்குட்டியான பீட் அப்போது துணி மாற்றிவிட வேண்டிய பருவத்துச் சிசு. வட கரோலினாவில் இவர்கள் தங்கள் சங்கீதத்தை வாசித்துக் காட்ட, அதைக் கேட்ட கிராமவாசிகள் தங்கள் பிடில்களையும் பான்ஜோக்களையும் எடுத்துவந்து பதிலுக்கு வாசித்துக் காட்டினார்களாம். கற்பிக்கப் போனவர் கற்றுக்கொண்டு வந்தார் என்று சரித்திரக்காரர்கள் இந்த இடத்தைச் சிலாகித்து எழுதுவார்கள். எனக்கோ, திறந்த வெளியில் எரியும் விறகின்மேல் இரும்புக் கொப்பரையை ஏற்றி, குழந்தையின் துணிகளை அதிலே போட்டு அவித்துக்கொண்டிருந்த கான்ஸ்டன்ஸ்மீதுதான் கண் நிற்கிறது. இது நடவாத காரியம் என்று கடைசியில் கணவரிடம் சொன்னவர் அவரே. யாத்திரை அத்துடன் முடிந்தது. சில வருஷங்களில் தாம்பத்தியமும் முடிந்தது. பீட் நினைவு தெரியும் வயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். சார்ல்ஸின் லட்சியத்தில் குற்றம் இல்லை. அந்த லட்சியத்தை நடத்திச் செல்வதற்கு வேண்டிய வீட்டு வேலை முழுவதும் ஒருத்தியின் இரண்டு கைகளில் வந்து விழும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்பதே குறை.

பீட் வளர்ந்து, 1936-ல் ஆஷ்வில் என்ற மலையூரில் நடந்த கிராமியத் திருவிழாவில் ஐந்து தந்திப் பான்ஜோவின் நாதத்தைக் கேட்டு அதிலே மனத்தைப் பறிகொடுத்து, இரண்டு வருஷம் கழித்து ஹார்வர்டுப் படிப்பை விட்டு, 1940-ல் வுடி கத்ரி என்னும் நாடோடிப் பாடகரைச் சந்தித்து அவரோடு தேசத்தைச் சுற்றி, தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடித் திரிந்த வரலாறு பலரும் அறிந்ததே. அந்நாளில் அவருடைய நம்பிக்கை பிரம்மாண்டமானது: உலகம் முழுவதும் ஒரே வீச்சில் மாறிவிடும் என்று எண்ணும் இருபது வயதின் நம்பிக்கை. 1943-ல் டோஷி ஓட்டா என்ற பெண்ணை மணந்தார். டோஷியின் தந்தை ஜப்பானியர், தாய் வர்ஜீனியா மாகாணத்தவர். மறு வருஷம் அவர்களுடைய தலைப்பிள்ளை பிறந்தபோது பீட் ராணுவ சேவையில் இருந்தார். அவர் கடல் கடந்து பசிபிக் தீவிலே இருக்கையில், ஆறு மாதமே வாழ்ந்து அக்குழந்தை இறந்துபோயிற்று. தகப்பன் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. யுத்த காலத்தில் அப்படிப்பட்ட துக்கம் அபூர்வமன்று என்று சொல்லித் தேற்றலாம். ஆனால், தாய் தனியே பெற்று, தனியே வளர்த்து, தனியே பறிகொடுத்த ஒரு குழந்தையின் நினைவிலிருந்துதான் அந்தக் குடும்பம் தொடங்கியது என்பதை மறந்துவிட்டு, பிற்காலத்தில் அந்த மனிதர் ஊர் ஊராக அளித்த தைரியத்தை எப்படி மதிப்பிடுவது?

யுத்தம் முடிந்து, மேலும் இரண்டு குழந்தைகள் பிறந்தபின், 1949-ல், நியூயார்க் மாகாணத்தில் பீக்கன் என்ற ஊரையொட்டி, ஹட்சன் நதியைப் பார்த்த மலைச்சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கி, மரங்களை வெட்டி அடுக்கித் தாங்களே குடில் கட்டத் தொடங்கினார்கள். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடம். கணவர் பாட்டுக்காக வெளியூர் சென்றிருக்கும் நாட்களில், கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு தண்ணீர் சுமந்தவர் டோஷி. அதே வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி, பீக்ஸ்கில் என்ற ஊருக்கு அருகே, கறுப்பினத்தின் பெரும்பாடகரான பால் ரோப்சனின் கச்சேரி நடந்தது, சீகரும் பாடினார். கச்சேரி முடிந்து திரும்பிய வண்டிகள்மீது, சாலையோரத்தில் திரண்டிருந்த கூட்டம் கல்மாரி பொழிந்தது. சீகரின் வண்டியில் அவர் மனைவியும், மாமனாரும், இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளும் இருந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கி அவர்கள்மேல் சிதறின. வண்டிக்குள் வந்து விழுந்த கற்களில் சிலவற்றை எடுத்துவைத்து, பிறகு தம் குடிலின் கணப்பைக் கட்டும்போது அவற்றையும் சேர்த்துப் பதித்தார். இதைப் பகைமையின் ஞாபகச் சின்னம் என்று கருதுவாரும் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. பிள்ளைகளிடம் உலகம் நல்லது என்று பொய் சொல்லாமலும், உலகம் கெட்டது என்று சொல்லி அவர்களை ஒடுக்கிவிடாமலும், அவர்கள்மேல் எறியப்பட்ட கல்லை அவர்கள் குளிர் காயும் இடத்திலேயே வைத்துக் கட்டிய தகப்பனை நான் அதில் காண்கிறேன். குழந்தைகளுக்கு நம்பிக்கை ஊட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர்களுடைய கண்ணை மறைக்கிற நம்மில் பலர் இதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்து வந்தது கறுப்புப் பட்டியலின் காலம். 1950-ல் அவருடைய குழுவினர் பாடிய ஓர் இசைத்தட்டு, பதின்மூன்று வாரம் தேசத்திலேயே முதலிடத்தில் இருந்தது. இரண்டே வருஷத்தில், அவருடைய பழைய பொதுவுடைமைத் தொடர்பைக் காரணம் காட்டி, அதே குழுவுக்கு மேடை கொடுக்க ஆள் இல்லாமற்போயிற்று. 1955-ல், அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் காங்கிரஸ் கமிட்டி அவரை அழைத்தபோது, தன்னைத் தானே குற்றத்தில் சிக்கவைத்துக்கொள்ளாமல் இருக்கும் உரிமை என்ற பத்திரமான மதிலின் பின்னால் ஒதுங்காமல், என் நம்பிக்கைகளையும் என் சிநேகிதர்களையும் பற்றி என்னைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, வேண்டுமானால் என் பாட்டுக்களைப் பாடிக்காட்டுகிறேன் என்ற கருத்துப்பட நின்றார். 1957-ல் குற்றச்சாட்டு, 1961-ல் ஒரு வருஷச் சிறைத் தண்டனை, 1962 மே மாதத்தில் மேல்கோர்ட்டில் விடுதலை என்று, ஏழு வருஷ காலம் அந்த வீட்டின் தலைமேல் சிறைவாசம் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் குழந்தை 1955-ல் பிறந்தவள். தந்தை சிறை செல்வாரா மாட்டாரா என்பது தெரியாமலே அவளுடைய பால்யம் கழிந்தது.

பெரியவர்களின் மேடைகள் அடைபட்ட அந்த வருஷங்களில் அவர் எங்கே போனார் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் ஜீவஸ்தானம். பள்ளிக்கூடங்களுக்கும், கோடைக்கால முகாம்களுக்கும், கல்லூரிகளுக்கும் போனார். சொற்ப சன்மானத்துக்கு, குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பாடினார் என்பதைவிட அவர்களைப் பாடவைத்தார் என்பதே பொருந்தும்; ஓர் அடியைச் சொல்லிக் கொடுத்துத் தாம் நிறுத்திக்கொண்டு அவர்களுடைய குரலுக்கு இடம்விடுவது அவருடைய வித்தை. குழந்தைகளுக்கான இசைத்தட்டுக்களையும் அக்காலத்திலேயே போக்வேஸ் என்னும் சிறு கம்பெனிக்காகப் பதிவு செய்தார். இந்தத் துறையில் அவருக்கு வழிகாட்டி அவருடைய சிற்றன்னை ரூத் கிராபோர்டு. புதுமுறைச் சங்கீதம் இயற்றுவதில் பெரும் பெயர் எடுத்திருந்த அவ்வம்மையார், தம் குழந்தை படித்த பாலர் பள்ளியில் தாய்மார்களோடு சேர்ந்து கிராமியப் பாடல்களைப் பாடிப் பழகிய அனுபவத்தைக் கொண்டு, 1948-ல் குழந்தைகளுக்கான அமெரிக்க நாட்டுப் பாடல்களின் தொகுதியை வெளியிட்டார். ஆபத்தானவர் என்று பெரியவர்களிடமிருந்து விலக்கப்பட்ட மனிதர் ஒரு தலைமுறைக் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தார். 1960-களில் நிறவெறியையும் வியத்நாம் யுத்தத்தையும் எதிர்த்துத் தெருவில் நின்று பாடிய இளைஞர்களுள் பலர், தரையில் உட்கார்ந்து அவரோடு பாடிய அந்தக் குழந்தைகளே. கறுப்புப் பட்டியல் இயற்றியவர்கள் எதிர்பாராதது அது.

அந்தக் காலத்தில், தம் பிள்ளைகளைத் தூங்கவைப்பதற்காக அவர் புனைந்த கதை ஒன்றுண்டு. 'அபியோயோ' என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் கோசா இனத்தாருடைய தாலாட்டு ஒன்றின் மெட்டை எடுத்து அதைச் சுற்றிப் பின்னிய கதை. 1986-ல் படங்களோடு நூலாகவும் வந்தது. யுக்குலேலி என்ற சிறு வாத்தியத்தை ஓயாமல் மீட்டிக்கொண்டிருக்கும் பையன் ஒருவன். பொருள்களை மந்திரக்கோலால் மறையச் செய்து எல்லோரையும் தொந்தரவு செய்யும் தகப்பன் ஒருவன். இருவரின் உபத்திரவமும் பொறுக்காமல் ஊரார் இவர்களை ஊருக்குப் புறம்பே தள்ளிவிடுகிறார்கள். ராட்சசன் வருகிறான், ஊர் ஓடுகிறது. பையன் ராட்சசனின் பெயரையே பாட்டாக்கி வாசிக்க, அதைக் கேட்டு மகிழ்ந்து ஆடத் தொடங்கிய ராட்சசன் மூச்சு வாங்கித் தரையில் சாய, தகப்பன் கோலை நீட்டி அவனை மறைத்துவிடுகிறான். ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்ட பாடகர் ஒருவர் இருட்டிலே தம் குழந்தைகளுக்குச் சொன்ன கதை இது என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டு மட்டும் ராட்சசனை ஒழிப்பதில்லை. தகப்பனின் மந்திரமும் தனியே ஒழிப்பதில்லை. பிள்ளை தன் பங்கைச் செய்து முடிக்கும்வரையில் தகப்பன் காத்திருக்கிறான். பெற்றோர் கடையில் வாங்கிய பொழுதுபோக்கைக் குழந்தையின் முன் வைத்துவிட்டு விலகிக்கொள்ளலாகாது, தாமே கதை சொல்லவேண்டும், குரல் எப்படி இருந்தாலும் தாமே பாடவேண்டும் என்று சீகர் ஆயுள் முழுவதும் வற்புறுத்திவந்தார். சாப்பாட்டு வேளையிலும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துச் சாந்தப்படுத்துகிற இந்த நாளில் அதை நம்முடைய வீடுகளிலும் உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. குழந்தை கேட்க விரும்புவது சங்கீத வித்வானை அல்ல. தன் தாயையும் தகப்பனையும்.

வுடி கத்ரியின் வீட்டில் நம்பிக்கை இன்னும் கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. தம் இரண்டாம் மனைவி மார்ஜரிக்குப் பிறந்த கேத்தி என்ற பெண்குழந்தையின் மழலையைக் கேட்டுக் கேட்டே அவர் தம் குழந்தைப் பாடல்களை எழுதினார். 1947 பிப்ரவரியில், நான்கு வயதில், வீட்டில் பற்றிய தீயினால் அக்குழந்தை இறந்தது. பின்னர், அவருடைய தாயைக் கொன்ற ஹண்டிங்டன் நோய் அவரையும் பற்றிக்கொண்டது. மூளையைச் சிறிது சிறிதாக அழித்து, கைகால்களையும் பேச்சையும் வசமிழக்கச் செய்யும் வியாதி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குச் சரிபாதி சாத்தியம். வெகுகாலம் ஆஸ்பத்திரிகளில் கிடந்து 1967-ல் வுடி மறைந்தார். முதல் மனைவிக்குப் பிறந்த இரு பெண்களும் தம் 41-ஆம் வயதில் அதே நோய்க்கு இரையாயினர். மணவிலக்குப் பெற்ற பிறகும் வுடியைக் கவனித்துவந்த மார்ஜரி, தம்முடைய மூன்று பிள்ளைகளின் தலைவிதி என்னவென்று அறிய வழியே இல்லாத அந்த நிலையில், வுடி இறந்த வருஷத்திலேயே, நோயுற்ற குடும்பங்களைத் தேடித் திரட்டி ஒரு சங்கம் அமைத்து, விஞ்ஞானிகளின் வாசலிலும் சட்டசபைக்காரர்களின் வாசலிலும் போய் நின்றார். 1983-ல் அவர் காலமானார். அந்நோயின் மூலம் எந்தக் குரோமோசோமில் உள்ளது என்று கண்டறிந்த செய்தி அதே வருஷத்தின் பிற்பகுதியில் வெளியாயிற்று. 1993-ல் மரபணுவே பிடிபட்டது. நல்லது நடக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைத்த பின்பே நம்பிக்கை வைப்பேன் என்று அந்தத் தாய் காத்திருந்திருந்தால்? தட்பவெப்பம் கெட்டு, யுத்தங்கள் பெருகிவரும் இவ்வுலகத்தில் குழந்தை பெறுவது நியாயமா என்று இன்று கவலையோடு கேட்கும் இளந்தம்பதிகளை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன், கவலை நியாயமானது, பெறுவதும் பெறாததும் அவர்கள் இஷ்டம். ஆனால் பிறந்துவிட்ட பிள்ளைகளின் விஷயத்தில், ஆதாரம் வரட்டும் என்று சொல்லும் சலுகை பெரியவர்களுக்கு இல்லை.

விடுதலை கிடைத்த மறு வருஷம், 1963 ஆகஸ்டில், சீகர் ஒரு காரியம் செய்தார். நிறப்பாகுபாட்டை எதிர்த்த போராட்டத்தின் பாடகராக அவருடைய கீர்த்தி உச்சத்தில் இருந்த வேளை அது. அந்த வேளையில் மனைவியையும், பதின்பருவத்துப் பிள்ளைகள் இருவரையும், எட்டு வயதுச் சிறுமியையும் அழைத்துக்கொண்டு, ஏறக்குறையப் பத்து மாத காலம், இருபதுக்கு மேற்பட்ட தேசங்களைச் சுற்றினார், இந்தியாவுக்கும் வந்தார். நாற்பது வருஷத்துக்கு முன் சார்ல்ஸின் வீட்டுவண்டி எந்த இடத்தில் நின்றுவிட்டதோ, அந்த இடத்திலிருந்து மகன் அதை மறுபடி ஓட்டிப் பார்த்ததாகவே எனக்குப் படுகிறது. இந்த முறை யாத்திரை நிறைவேறியதற்குக் காரணம் டோஷி. கச்சேரிகளையும் பிரயாணங்களையும் ஒழுங்கு செய்பவரும், பல தேசத்து வாத்தியக்காரர்களைப் படம் பிடிப்பவரும், குழந்தைகளின் படிப்புக்கும் ஆகாரத்துக்கும் பொறுப்பானவரும் அவரே. மூத்த மகனும் காமிராவைப் பிடித்துத் தாய் தந்தையருடன் வேலை செய்தான். திரும்பி வந்தபின் சீகர் நடத்திய தொலைக்காட்சித் தொடரை இயக்கியவர் டோஷி. ஆயினும் அதில் அவருடைய பெயருக்கு எதிரே தலைமைச் சமையற்காரி என்ற பட்டமே வேடிக்கையாகப் போடப்பட்டது. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. கணவரைப் பற்றிய ஆவணப்படத்தைத் தயாரித்ததற்காக எம்மி விருது அவர் கைக்கு வந்தபோது அவருக்கு எண்பத்தைந்து வயது கடந்திருந்தது.

பிள்ளைகள் வளர வளரச் சீகரின் நம்பிக்கை உருவத்தில் சிறுத்து, உறுதியில் வளர்ந்தது. உலகத்தைத் திருத்தப் புறப்பட்டவர், வீட்டு வாசலில் ஓடிய அழுக்கு நதியைப் பார்த்தார். மக்களிடம் பணம் திரட்டி, 106 அடி நீளத்தில் 'கிளியர்வாட்டர்' என்ற பாய்க்கப்பலைக் கட்டி 1969-ல் நீரில் இறக்கினார்கள். அதன் முக்கியமான பிரயாணிகள் பள்ளிக் குழந்தைகள். வலையில் வந்த மீனைக் கையில் பிடித்துப் பார்த்து, பாயை இழுத்துக் கட்டக் கைகொடுத்து, கரைக்குத் திரும்பிய குழந்தைகள் லட்சக்கணக்கானவர். உலகத்தின் நிலையை அவர் ஒரு சீசா பலகைக்கு ஒப்பிடுவது வழக்கம்: ஒரு பக்கத்தில் பாறைகள் நிறைந்த கூடை தரையில் அழுந்தியிருக்கிறது, உயர்ந்து நிற்கும் மறுபக்கத்துக் கூடையிலோ பாதிதான் மணல், சிலர் தேக்கரண்டியால் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒழுகிப்போகிறதே என்று பார்ப்பவர்கள் நகைக்கிறார்கள், ஆனால் கரண்டியோடு வருகிறவர்கள் பெருகினால் ஒரு நாள் பலகை திடீரென்று மறுபக்கம் சாயும். குழந்தைக்கு ஊட்டிய கைகளுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும் என்று நினைக்கிறேன். 1947 முதல் 1977 வரை இரண்டு தொழிற்சாலைகள் அந்த நதியில் விட்ட பி.சி.பி. என்னும் விஷப் பொருளைத் தோண்டியெடுக்கும் வேலை 2009-ல் தொடங்கி, அவர் இறந்த மறுவருஷமே முடிவடைந்தது. இன்னும் அந்த மீனைத் தின்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. கப்பல் இன்னும் ஓடுகிறது.

2009 ஜனவரியில், ஒபாமா பதவி ஏற்பதற்கு இரண்டு நாள் முன்பு, லிங்கன் நினைவாலயத்தின் படிகளில், எண்பத்தொன்பது வயதுச் சீகர் பாட வந்தார். தொலைக்காட்சி அவரைப் பல வருஷம் உள்ளே விடாதிருந்த தேசம் அது. அன்று அந்தக் காட்சியை வீடுதோறும் தொலைக்காட்சியில் பார்த்தது. அரசியல் எழுத்தாளர்கள் அதைப் பெரிய வெற்றியாக வர்ணித்தார்கள், வெற்றிதான். ஆனால் அவருடைய குரல் அதற்குப் பல வருஷம் முந்தியே தளர்ந்துவிட்டது. மேடையில் அவருக்கு ஒரு பக்கத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும், மறுபக்கத்தில், பதின்பருவத்திலிருந்தே பாட்டனாரோடு ஊர்சுற்றிப் பாடி அவருடைய குரலுக்குத் துணைநின்ற மகள்வயிற்றுப் பேரனும் நின்றார்கள். கிழவர் அடிகளை உரக்க எடுத்துச் சொல்ல, பேரனும் ஜனங்களும் பாடினார்கள். அது வுடி கத்ரி 1940-ல் எழுதிய பாட்டு. பசித்தவர்களையும், தனியார் சொத்து என்று எழுதித் தொங்கவிட்ட பலகையையும் பற்றிய அடிகளைப் பள்ளிக்கூடங்களில் விட்டுவிட்டுப் பாடுவதே வழக்கம். அவற்றையும் விடாமல் பாடவேண்டும் என்று சீகர் வற்புறுத்தியிருந்தார். பேரன் அவற்றையும் பாடினான்.